பேரித் தோட்டத்துப் பேயைப் பற்றிச் சம்பந்திக்கு எழுதியது

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கோடைக்கானல்
22-1-1964

வத்தலக்குண்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் என் மரியாதைக்குரிய சம்பந்தியுமான திரு. சந்தியாகு அவர்கள் சமூகத்துக்கு, கம்பவுண்டர் பரமானந்தம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி கித்தேரியம்மாளும் மகள் புஷ்பமேரியும், குளிரில் வெடித்த உதடுகள் நீங்கலாக, சுகமே இருக்கிறோம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், மாப்பிள்ளை இன்னாசியின் சுகத்தையும், சம்பந்தியம்மாளின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். போன மாதம் கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் பாட்டிலை அனுப்பி வையுங்கள், நிரப்பித் தருகிறேன். நமக்குள் என்ன இருந்தாலும் அந்த முழங்காலோடு எனக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லை. என் கையெழுத்து மருந்துச் சீட்டு ஒட்டிப் பழகிய கையெழுத்து. வாத்தியாராகிய தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்றுத் தபாலில் தங்கள் கடிதம் வந்தது. மூன்று வேளை படித்தேன், சாப்பாட்டுக்கு முன் இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேளை. கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது, தபசு காலத்துக்கு முன் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது, இருந்தாலும் மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லிக் கோயில் சாமியாருக்கு எழுதப் போகிறேன், பேய் வேஷம் கட்டித் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சினிமாவில் ஆடிய பெண் எங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். "ஆடிய" என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தீர்கள். தங்களிடம் இந்தச் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஜமுக்காள வியாபாரி பொன்னுவேல் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் படம் பாதி ஓடும்போதே செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிப்போன ஒருவர், படத்தில் யார் யார் நடித்தார்கள் என்று சரியாகச் சொல்வார் என எதிர்பார்க்க முடியாது. செருப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

முதலில் தப்பான விடையைத் திருத்திவிடுகிறேன். அந்தப் படத்தில் பேயாக வந்தது என் மகள் அல்ல. நான்.

ஆமாம், நான்தான். ஐம்பத்து நான்கு வயதில், இருபத்தெட்டு வருடம் வளர்த்த மீசையை எடுத்துவிட்டு, கித்தேரியம்மாளின் கல்யாணப் புடவையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு சவுரியை விரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, செண்பகனூர்ப் பேரிக்காய்த் தோட்டத்தில் இங்குமங்கும் நடந்தவன் நான். பேய்க்குப் புஷ்பமேரியின் முகஜாடை இருந்தது என்று பொன்னுவேல் சொன்னதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவள் முகம் என் முகம்தான். "பேய் என்றாலும் இலட்சணமாக இருந்தது" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் நான்காவது முறையும் படித்தேன்.

அப்படியானால் புஷ்பமேரிக்குப் படத்தில் என்ன சோலி என்று கேட்பீர்கள். மறைத்து எழுதிவிடுங்கள் என்றுதான் கித்தேரியம்மாள் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. கதை எழுதியவள் புஷ்பமேரி. காமிரா பிடித்தவள் அவள். என்னை நில் என்றும் நட என்றும் ஏவியவளும் அவள். அது முழுக்க அவள் படம். இப்படி ஒன்றை என் மகள் செய்திருக்கும்போது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள் என்று எழுத என் பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே பதினைந்து வருடம் தங்கி மலைச் செடிகொடிகளைச் சேகரித்த வெள்ளைக்கார மிஸ்ஸம்மா ஒருவர் இருந்தார். அவருடைய செடிப் பட்டியல்களை டைப் அடிக்கப் புஷ்பமேரி மூன்று வருடம் போய்வந்தாள். பூக்களைப் படம்பிடிக்க அந்த அம்மாளிடம் ஒரு சினிமா காமிரா இருந்தது. கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் கீ கொடுத்தால் அரை நிமிடம் ஓடும், பிறகு மறுபடி கீ கொடுக்க வேண்டும். போன சித்திரையில் தம் ஊருக்குக் கப்பலேறும் முன், காமிராவையும் மிச்சமிருந்த ஆறு பிலிம் சுருளையும் இவள் கையில் கொடுத்து, "செடிகளைப் பார்த்த கண் இது, இனி மனுஷர்களையும் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிலிம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். வருடக் கடைசிக்குள் உபயோகிக்கவும் என்று தேதி அடித்திருந்தது. சம்பந்தி, நான் கம்பவுண்டர். தேதி போட்ட எதையும் வீணாகக் கெட்டுப்போக விடுவது என் தொழிலுக்கு ஆகாது. இந்தக் காரியத்தில் என் பங்கு குற்றம் அங்கேதான் தொடங்கியது.

என் மைத்துனன் உபகாரம் ஏரிக்கரைப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பது தங்களுக்குத் தெரியும், நிச்சயதார்த்தப் படம் எடுத்தவன் அவன்தான். அவன் ஏரியைப் படம் எடு என்றான். புஷ்பமேரி சொன்னாள், "ஏரியத்தான் எல்லாரும் புடிக்கிறாங்களே மாமா. இங்க பாதி வருஷம் மஞ்சுதான் கெடக்கு. அந்த மஞ்சுக்குள்ளேருந்து என்ன வருதுன்னு யாரு எடுத்தா?" அவ்வளவுதான். பேய்ப்படம் என்று முடிவாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடத் தோதான படம் கிடையாது. அரண்மனை கட்ட வேண்டியதில்லை, விளக்குப் போட வேண்டியதில்லை, புகை போட வேண்டியதில்லை. நடுப்பகலில் மூடுபனியாக மஞ்சு இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்கும் சொந்தப் பெண்டாட்டியே பேய் மாதிரிதான் தெரிவாள்.

கதை இது. பேரித்தோட்டத்துக்காரியான ஒருத்தி செத்துப் போகிறாள். செத்த பிறகும் தோட்டத்தில் காய் எண்ணிக்கொண்டு திரிகிறாள். பஸ்ஸைத் தவறவிட்ட வழிப்போக்கன் ஒருவன் ஒரே ஒரு பேரிக்காயைப் பறித்துவிடுகிறான். அவள் அவன் பின்னாலேயே போகிறாள், அவ்வளவுதான். சாமியாரிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பேய் கிடையாது பரமானந்தம். பாவம் தீர உத்தரிக்கிற ஆத்துமாதான் உண்டு. கடைசியில் அவன் அந்த ஆத்துமாவுக்காக ஒரு பூசை வைக்கட்டும், அது மோட்சம் போகட்டும்" என்றார். ஆகவே சம்பந்தி, தாங்கள் எழுதியபடி நான் பேயுமல்ல. திருச்சபை அனுமதி பெற்ற உத்தரிக்கிற ஆத்துமா.

அந்த வேஷத்துக்கு முதலில் பக்கத்து வீட்டு அழகம்மாளைத்தான் நிறுத்தினோம். காமிரா கிர்ரென்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிக்கிற பேயை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கித்தேரியம்மாளைக் கேட்டதற்கு, "செபமாலை புடிக்கிற கைய நீட்டிக்கிட்டு நான் பேயா வரணுமாக்கும்?" என்று அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புஷ்பமேரி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். டாக்டர் நோயாளியைப் பார்க்கிற பார்வை. "அப்பா, ஒல்லியா ஒசரமா இருக்கீங்க. முகம் நீளம். மீசைய மட்டும் எடுத்துருங்க" என்றாள். நான் மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் எடுத்துவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க நின்ற வரிசை முழுவதும் "பழைய கம்பவுண்டரு எங்க போனாரு?" என்று கேட்டது. புது ஆள் கையால் இருமல் மருந்து வாங்க மாட்டோம் என்று நாலு பேர் வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு கலைக்காக மனிதன் எவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வழிப்போக்கனாக நடித்தவர் டவுன் பஸ் கண்டக்டர் செல்லப்பாண்டி. ஆள் பார்க்க நன்றாக இருப்பார், சுருட்டை முடி. செண்பகனூரில் பஸ் நிற்கும் இருபது நிமிடத்தில்தான் அவருக்கு நடிக்க நேரம். டிக்கெட் பையைக் கழற்றி டிரைவர் மடியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் ஓடிவருவார், பயப்படுவார், திரும்ப ஓடுவார். ஆனால் அந்தப் பயம் என்பதுதான் வரவில்லை. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து கையை நீட்டிக்கொண்டு வந்தால் அவர் வணக்கம் சொல்கிறார். புஷ்பமேரி கோபித்துக்கொண்டதற்கு, "நான் என்னம்மா செய்ய? அண்ணன எந்தச் சேலையில பாத்தாலும் அண்ணனாத்தான் தெரியிது. அண்ணன் ஊசியோட வந்தாத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்கும்" என்றார். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, பையில் பெரிய ஊசி இருக்கிறதா என்று மட்டும் மகள் கேட்டாள். அன்று மாலை நான் முகத்தைக் காமிராவுக்குக் காட்டி, முந்தானை மறைவில் அவருக்கு மட்டும் தெரியும்படி ஊசியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். செல்லப்பாண்டியின் முகம் போன போக்கைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். நம் ஊர் நாடகக் கொட்டகைகளில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. ஓடினவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து விசிலும் கொடுத்துவிட்டார். டிரைவரும் வண்டியை எடுத்துவிட்டார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் சுருள் முழுவதும் மஞ்சு அதிகமாகிப் போய், பம்பாயில் கழுவி வந்தபோது வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. அந்தச் சுருளில் நான் மூன்று நிமிடம் மிக உருக்கமாக நடித்திருந்தேன். அதை என்னைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. புடவை தடுக்கி இரண்டு தடவை பாத்தியில் விழுந்தேன். அட்டை கடித்து, கால் முழுக்க ரத்தத்தோடு நடந்ததை உபகாரம் நல்ல மேக்கப் என்று பாராட்டினான்.

இப்போது காட்டு மாட்டு விஷயம். பொன்னுவேல் அதைத் தங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் ஓடியது அந்த இடத்தில்தான். புரட்டாசி மாதம் ஒரு சாயங்காலம், ஐந்தாவது சுருள். நான் மஞ்சுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வர வேண்டும். கையை நீட்டிக்கொண்டு வருகிறேன். எதிரே நின்றிருந்த உபகாரத்தின் முகம் வெளுத்தது. செல்லப்பாண்டி பேரிமரத்தில் ஏறினார். சும்மா துணைக்கு வந்திருந்த அழகம்மாள் "ஏசுவே!" என்று கத்திக்கொண்டு வேலியைத் தாண்டினாள். ஏசுவைக் கூப்பிட அவள் நம் வேதத்துக்காரி அல்ல. ஆஹா, நடிப்பு என்றால் இதல்லவா நடிப்பு என்று எனக்குள் ஒரு பூரிப்பு. இன்னும் கொஞ்சம் தலையை ஆட்டினேன். உபகாரம் ஓடிக்கொண்டே திரும்பி, "அத்தான், பின்னால! பின்னால பாருங்க!" என்றான். பார்த்தேன். எனக்குப் பின்னால் இரண்டடியில், நான் கட்டியிருந்த புடவையின் தலைப்பை முகர்ந்துகொண்டு, கட்டை வண்டி அளவுக்கு ஒரு காட்டு மாடு. அதன் மூச்சு என் முதுகில் பட்டது.

அப்போது என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? ஓடவில்லை. காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, ஓடாதீங்க. ஓடுனா அது வெரட்டும். அப்படியே எங்கிட்ட மெதுவா நடந்து வாங்க. கைய நீட்டுனது நீட்டுனபடியே இருக்கட்டும்" என்றாள், பத்தாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில். நான் நடந்தேன். மாடும் நடந்தது. நடுவில் காமிரா நின்றுபோயிற்று. பெற்ற தகப்பனுக்குப் பின்னால் காட்டு மாடு வருகிறது, மகள் நிதானமாகக் கீ கொடுக்கிறாள், சம்பந்தி! க்ரக், க்ரக், க்ரக் என்று பன்னிரண்டு சுற்று. நான் எண்ணினேன். மறுபடி ஓட்டினாள். நான் அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் அந்த மாடு எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே கிடந்த பேரிக்காய் ஒன்றைக் கவ்விக்கொண்டு மஞ்சுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவள் காமிராவைப் புல்லில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். புடவையில் இருந்ததால் அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

பம்பாயிலிருந்து சுருள்கள் வரக் காத்திருந்த நாட்களில் நான் இளைத்துப் போனேன். வந்ததும் உபகாரத்தின் இருட்டறையில் அவனும் அவளும் பிளேடால் வெட்டிப் பசை போட்டு ஒட்டிப் பதினாறு நிமிடப் படமாக ஆக்கினார்கள். ஆத்துமாக்கள் மாதமான நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயில் ஹாலில் காட்டினோம். படத்துக்குச் சத்தம் கிடையாது என்பதால் உபகாரம் ஆர்மோனியம் வாசித்தான். பேய் அலறும் இடத்தில் யாராவது அலற வேண்டும். ஒருவருக்கும் சரியாக வரவில்லை. கடைசியில், செபமாலைக் கையை நீட்ட மாட்டேன் என்ற கித்தேரியம்மாள் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பள்ளத்தில் மேயும் கோழிகளைக் கூப்பிடுகிற குரலில் ஒரு கூவல் போட்டாள். முன் பெஞ்சு அப்படியே சாய்ந்தது. நாங்கள் கல்யாணமாகி முப்பது வருடம். அந்தக் குரலில் அவ்வளவு பயங்கரம் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சுக்குள்ளிருந்து நான் வந்ததும் ஹால் மூச்சடங்கிப் போயிற்று. எனக்குப் பின்னால் இரண்டு கொம்பு எழுந்ததும் பாதிப் பேர் வெளியே இருந்தார்கள். மிச்சப் பேர் கடைசியில் பூசை நடந்து ஆத்துமா மோட்சம் போகிறவரை இருந்து, எழுந்து நின்று கைதட்டினார்கள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டே கைதட்டினார். நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, புஷ்பமேரியைப் பார்த்தேன். புரொஜக்டர் பக்கத்தில், அதன் வெளிச்சம் பாதி முகத்தில் விழ, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்தபோது நர்ஸம்மா என் கையில் கொடுத்த நேரத்துக்கு அப்புறம் அவ்வளவு பெருமையாக நான் என்றைக்கும் நின்றதில்லை. அன்றைக்கும் மீசை இல்லை, அதனால் முறுக்க ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன்.

தங்கள் கடிதத்தை அவளும் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "எனக்காக மன்னிப்புக் கேட்டு எழுதாதீங்கப்பா. நான் தப்பு ஒண்ணும் செய்யல" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. அந்த உடைந்த குரலுக்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆகவே சம்பந்தி அவர்களே, மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சாமியாருக்குத் தாங்கள் எழுத வேண்டிய சிரமமும் வேண்டாம். மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லி இன்று சாயங்காலம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். காட்டு மாட்டுக்கு முன்னால் கை நடுங்காத பெண்ணை, ஜமுக்காள வியாபாரி சொன்னார் என்று வேண்டாமென்கிற வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன். அதே சமயம், ஊர் வாய்க்கு மேலும் தீனி போடவும் எனக்கு விருப்பம் இல்லை. காமிராவையும் படச் சுருளையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் அரைஞாணில் இருக்கிறது. இனி இந்தக் குடும்பத்தில் சினிமாவும் இல்லை, பேயும் இல்லை, தங்கள் குடும்பத்தோடு சம்பந்தமும் இல்லை. இது என் கடைசி வார்த்தை.

சம்பந்தியம்மாளுக்கு என் மரியாதையும், மாப்பிள்ளையாக இருந்த இன்னாசிக்கு என் ஆசீரும், தங்களுக்கு மாதாவின் துணையும் இரத்த அழுத்தம் கூடாமலிருக்க உப்பைக் குறைக்கும்படி என் யோசனையும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து,
சூ. பரமானந்தம், கம்பவுண்டர்

பின்குறிப்பு: மேலே கண்டதைத் தாங்கள் படிக்காததாகவே பாவிக்கவும். உறையை ஒட்டிவிட்டுத் தபாலாபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் செல்லப்பாண்டியின் பஸ்ஸிலிருந்து தங்கள் மகன் இறங்கினார். வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். "அப்பா எழுதுனது நேத்துத்தான் தெரியும் மாமா. கல்யாணப் பேச்சு அப்புறம் இருக்கட்டும். அந்தப் படத்த நான் பாக்கணும்" என்றார். புரொஜக்டர் கைவசம் இல்லை. புஷ்பமேரி சாவியைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, சுருளின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. காட்டு மாட்டுப் பகுதி வந்ததும், "நீங்க ஏன் ஓடல?" என்று கேட்டார். "கீ தீந்து போச்சுங்க" என்றாள். அவர் தம் கையிலிருந்த முனையைப் பதனமாகக் கீழே வைத்தார். பிறகு பையைத் திறந்து, மதுரைக்குப் போய்த் தேடி வாங்கியதாகச் சொல்லி, இரண்டு புதுப் பிலிம் சுருளை அவள் கையில் வைத்தார். மோதிரம் போட்ட அன்றுகூட என் மகள் முகம் அப்படி மலரவில்லை. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு வாசிக்கப்படும், சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்த கதையும் இப்போது கூடத்தில் தயாராகிக்கொண்டிருக்கிறது. செத்த பிறகும் தினமும் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆஜர் எடுக்கும் ஒரு தலைமையாசிரியர் கதை. அந்த வேஷத்துக்குத் தங்கள் பெயரைச் சொன்னது தங்கள் மகன்தான், நான் அல்ல. கறுப்புக் கோட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். வசனம் கிடையாது. வகுப்பு வாசற்படியில் வந்து நிற்பீர்களாமே, அப்படி நின்றால் போதும் என்கிறாள் புஷ்பமேரி.